ஆறு மீட்டரில் நின்றவர்

காலை ஏழு பத்துக்கு மாமா மூக்கில் மருந்து அடித்தார். வண்டியின் கடிகாரத்தைப் பார்த்தேன். வலது துளையில் இரண்டு, இடது துளையில் இரண்டு. தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். சிறிது நேரம் வாயால் மூச்சு விட்டார். பிறகு வாயை மூடினார்.

"திறந்துடுச்சு," என்றார்.

"டப்பால மூணு நாளைக்கு மேல அடிக்காதன்னு போட்டிருக்கு, மாமா."

"டப்பால எழுதினவன் தண்ணில இறங்கறதில்ல."

"நாலு மாசமாச்சு."

"நீ என்ன, எனக்கு மாமியாரா? ரோட்டைப் பாரு மாப்ளே."

மாமா என் அக்காவின் கணவர். தண்ணீருக்கு அடியில் வேலை செய்பவர். அணைகளின் கதவுகள், நீரேற்று நிலையங்களின் வலைகள், பாலத்தின் கால்கள். அவர் கீழே இருக்கும்போது மேலே நின்று அவருடைய ஹோஸைப் பிடிப்பது என் வேலை. காற்றுக்குழாய், பேச்சுக் கம்பி, ஆழம் காட்டும் குழாய், கயிறு, நான்கும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். அவர் நகர்ந்தால் விடுவேன். திரும்பினால் இழுப்பேன். ஆறு வருடமாக அவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதுகூட என் கைக்குத் தெரியும்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. மூக்கடைப்போடு இறங்கக் கூடாது. மருந்தடித்துத் திறந்துகொண்டு இறங்கவே கூடாது. இறங்கும்போது காதில் அழுத்தம் ஏறும். மூக்கைப் பிடித்து ஊதினால் உள்ளே காற்றுப் போய்ச் சமமாகும். கொஞ்சம் அடைத்திருந்தாலும் முக்கி ஊதிவிடலாம். ஏறும்போது அது நடக்காது. உள்ளே போன காற்று விரியும். தானாக வெளியே வர வேண்டும். கீழே இருக்கும்போதே மருந்தின் வேகம் தீர்ந்து வழி அடைத்துக்கொண்டால், அந்தக் காற்றுக்குப் போக இடமில்லை. செவிப்பறை கிழியும். சில சமயம் அதற்கும் உள்ளே இருப்பது கெட்டுப்போகும். அப்படிக் கெட்டவர்கள் பிறகு இறங்குவதில்லை.

மாமாவுக்கு இது தெரியும். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

அடுத்த மாதம் அவருடைய உடற்தகுதி அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். நாலு மாதத்துக்கு முன் ஒரு சளி. இரண்டு வேலைகளுக்கு அவரை இறக்கவில்லை. அவர் இடத்தில் வேறொருவனை இறக்கினார்கள். மூன்றாவது வேலைக்கு மாமா மருந்தோடு வந்தார். சளி போய்விட்டது. மருந்து போகவில்லை.

முந்தின நாள் மாலை அக்கா போன் செய்தாள்.

"தலையணைக்கு அடில ஒண்ணு. பாத்ரூம்ல ஒண்ணு. வேலைக்குக் கொண்டுபோற பையில ஒண்ணு. எம் மூஞ்சியப் பாக்கறதவிட அதத்தான் அதிகம் பாக்கறாரு."

"சொல்லிப் பாத்தியா?"

"சொன்னா மூக்கால பேசறாரு. முன்ன ஒரு தடவ அடிச்சா நாள் முழுக்கத் தாங்கும். இப்ப நாலு மணி நேரம்கூட இல்ல. அப்புறம் முன்னவிட மோசமா அடைக்குது. மருந்துக்கடைக்காரரே சொல்லிட்டாரு, இப்ப அடைக்கிறது சளி இல்ல, அந்த மருந்துதான்னு."

"டாக்டர்கிட்ட?"

"போனா எழுதிருவாங்களாம். எழுதினா அட்டை போயிருமாம். நீதான கூடவே இருக்க. ஒரு நாளாவது புடுங்கி வையேன்."

பிடுங்கி வைத்தேன். நீரேற்று நிலையத்து வாசலில் மாமா இறங்கி காற்றுக் கொடுக்கும் பம்பைத் தூக்கப் போனபோது, அவர் பையின் பக்கவாட்டு அறையிலிருந்து மருந்து பாட்டிலை எடுத்து என் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கணக்குப் போட்டுத்தான் செய்தேன். எட்டு மணிக்கு இறங்குகிறார். ஒன்பதரைக்கு மேலே வருகிறார். ஏழு பத்துக்கு அடித்தது பதினொன்று வரை தாங்கும். வேலைக்கு ஒன்றும் ஆகாது. மதியத்துக்குமேல் தேடட்டும். அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

எட்டு மணிக்கு இறங்கவில்லை. பம்ப் அறையில் சுவிட்சுக்குப் பூட்டுப் போட வேண்டிய ஆள் வரவில்லை. அவர் பூட்டிக் கையெழுத்துப் போடாமல் யாரும் வலைப்பக்கம் போகக் கூடாது. பம்ப் ஓடினால் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

மிதவை மேடையில் உட்கார்ந்திருந்தோம். நாலு பேர். மாமா, நான், சூப்பர்வைசர், கட்டை. கட்டை ஆறடி இரண்டங்குலம். அதனால் அந்தப் பெயர். மாமாவுக்கு ஏதாவது ஆனால் இறங்க வேண்டிய மாற்று ஆள் அவன். சூப்பர்வைசருக்கு முதுகுக்குப் பின்னால் ஸ்டாப்வாட்ச் என்று பெயர். எதையும் நிமிடத்தில்தான் சொல்வார்.

"நாப்பது நிமிஷம் போச்சு," என்றார். பிறகு, "தொண்ணூறு."

"நாமளே போய்ப் பூட்டிறலாமா சார்?" என்றான் கட்டை.

"உன் வாயத்தான் பூட்டணும்."

ஒன்பதரைக்கு மாமா பையைத் திறந்தார். பக்கவாட்டு அறையில் கை விட்டார். பிறகு பெரிய அறையில். துண்டை உதறினார். மடித்து வைத்தார். என்னைப் பார்த்தார். சூப்பர்வைசர் இரண்டு எட்டுத் தள்ளி நின்றிருந்தார்.

"எடுத்தியா?" குரல் தாழ்ந்திருந்தது.

"எதை?"

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஹோஸைச் சுருட்டினேன். சுருட்டியிருந்ததையே அவிழ்த்து மறுபடி சுருட்டினேன்.

அப்போது கொடுத்திருக்கலாம். சூப்பர்வைசர் பக்கத்தில் இருந்தார் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. மருந்து இல்லையென்றால் அடைக்கும். அடைத்தால் காது திறக்காது. திறக்காவிட்டால் தானே சொல்லிவிடுவார், இன்று முடியாது என்று. ஒரு நாள் வேலை போகும். அவ்வளவுதான். அப்படி நினைத்தேன்.

பத்து மணிக்குப் பூட்டு விழுந்தது. சாவி மாமாவின் கழுத்துக்கு வந்தது. சூப்பர்வைசர் நோட்டைத் திறந்தார்.

"காது, மூக்கு?"

"கண்ணாடி மாதிரி இருக்கு சார்."

"தலைவலி, சளி, மாத்திரை, மருந்து?"

"இல்ல சார்."

"பன்னெண்டு மணிக்கு ஊருக்குத் தண்ணி விடணுமாம். நூத்திப்பத்து நிமிஷம் இருக்கு."

முழுமுக மாஸ்க்கை மாமாவுக்கு மாட்டி வாரை இறுக்கினேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் வாய் சற்றுத் திறந்திருந்தது.

பத்துப் பத்துக்கு இறங்கினார். இரண்டு மீட்டரில் நின்றார். மூன்றில் நின்றார். நாலரையில் நீண்ட நேரம் நின்றார்.

"என்னய்யா, படிக்கட்ட எண்ணிட்டு இறங்கறியா?" என்றார் சூப்பர்வைசர் மைக்கில்.

"தண்ணி கலங்கலா இருக்கு சார்." பேச்சுக் கம்பி வந்து சேரும் பெட்டியின் ஒலிபெருக்கியில் குரல் வந்தது. நடுவில் ஒரு முக்கல் கேட்டது. மாஸ்க்குக்குள் இருக்கும் ரப்பர் முட்டில் மூக்கை அழுத்தி ஊதும் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்றாவது மிக நீளம்.

பிறகு ஹோஸ் ஓடியது. பதினைந்து மீட்டர்.

அவர் வேலை செய்தார். வலையில் சிக்கிய கிளைகளை அறுத்து ஒதுக்கினார். கதவின் ரப்பர் விளிம்பில் நாலு போல்ட்டுகளை மாற்றினார். மூச்சு ஒலிபெருக்கியில் சீராக வந்தது. உள்ளே சீறல், வெளியே குமிழி. மேடைக்கு முன்னால் அந்தக் குமிழிகள் வந்து உடைந்துகொண்டிருந்தன.

பதினொன்றுக்கு அவர் குரல் மாறியது. "மூணாவது போல்ட் முடிஞ்சுது" என்று சொன்னார். யாரோ விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னதுபோல் இருந்தது. நான் சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்று இருபத்தைந்துக்கு வேலை முடிந்தது.

"மேல வா. நிதானமா."

ஹோஸை வாங்க ஆரம்பித்தேன். பதினாலு. பன்னிரண்டு. பத்து. அது எடையில்லாமல் வந்தது. எட்டு. ஏழு. ஆறு.

நின்றது.

பிறகு என் கையில் இரண்டு இழுப்பு. பேச்சுக் கம்பி வருவதற்கு முந்தைய காலத்துப் பழக்கம், இன்னும் எல்லோருக்கும் கற்றுக்கொடுப்பார்கள். ஒன்று என்றால் நில். இரண்டு என்றால் ஹோஸ் விடு. நாலு என்றால் மேலே எடு. பேசக் கம்பி இருக்கும்போது அவர் கயிற்றில் பேசினார். சூப்பர்வைசர் கேட்கக் கூடாது என்று.

விட்டேன். எட்டு மீட்டருக்குப் போனார்.

"ஏன் எறங்கற?" சூப்பர்வைசர் ஆழமானியைத் தட்டினார்.

மூச்சு மூன்று முறை வந்தது.

"ஹோஸ் சிக்கிருக்கு சார். வலை ஓரத்துல. எடுத்துட்டு வரேன்."

சிக்கவில்லை. ஹோஸ் என் உள்ளங்கையிலிருந்து நேராக அவர் தோள்வார்வரை ஒரே கோடாக இருந்தது. அவர் நடுங்குவதுகூட அதன் வழியே வந்தது.

ஆறு மீட்டருக்கு மறுபடி வந்தார். மறுபடி நின்றார். மறுபடி இரண்டு இழுப்பு.

"எட்டு நிமிஷம்," என்றார் சூப்பர்வைசர். "கட்டை, மாஸ்க்கை எடு."

"எடுத்துட்டேன் சார்."

"வேணாம் சார்," ஒலிபெருக்கி சொன்னது. "நானே எடுத்துருவேன். ஆள் வேணாம்."

சூப்பர்வைசர் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னை. "விளிம்புலதான சிக்கிருக்கு. மேலருந்து ஒரு இழு இழுத்தா வந்துரும். இழுடா."

ஹோஸ் உண்மையில் எதிலாவது மாட்டியிருந்தால் இழுப்பு மாட்டிய இடத்தோடு நின்றுவிடும். மாட்டவில்லையென்றால் நேராக அவரைத்தான் தூக்கும்.

"என்ன முழிக்கற? இழு."

இழுத்தேன். ஒரு கை நீளம். அவ்வளவுதான் இழுத்தேன். அதையும் இழுத்திருக்கக் கூடாது.

ஒலிபெருக்கியில் ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை. பல்லுக்கு நடுவில் நசுங்கிய ஒன்று. உடனே அடங்கியது. பிறகு மாமாவின் குரல், கெஞ்சலாக, எனக்கு:

"மெதுவா, மாப்ளே. மெதுவா."

"இன்னும் இழு," என்றார் சூப்பர்வைசர்.

நான் கையைத் தளர்த்தினேன். ஹோஸ் கீழே போனது.

"சிக்கல சார்."

"என்ன?"

"ஹோஸ் எங்கயும் சிக்கல. காது அடைச்சிருக்கு அவருக்கு. ஏற முடியல."

பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீழே பேசுவதும் மேலே பேசுவதும் எல்லாம் அதில் பதிவாகும். அழிக்க முடியாது. மைக் திறந்திருந்தது. மாமாவுக்கும் கேட்டிருக்கும்.

சூப்பர்வைசர் நிமிர்ந்தார். "சளியா?"

"மருந்து. மூக்குல அடிக்கிற மருந்து."

"எப்ப அடிச்சாரு?"

"ஏழு பத்துக்கு."

"எத்தன நாளா?"

"நாலு மாசம்."

அவர் அதை நிமிடமாக மாற்றிச் சொல்லவில்லை. முதல்முறையாக அவர் எதையும் கணக்கிடாமல் நிற்பதைப் பார்த்தேன்.

"எறங்கறதுக்கு முன்னால மறுபடி அடிச்சாரா?"

"இல்ல."

"நிச்சயமாத் தெரியுமா?"

"பாட்டில் எங்கிட்ட இருக்கு."

ஒலிபெருக்கியில் மூச்சு நின்றது. நான் எண்ணினேன். ஐந்து வரை எண்ணினேன். பிறகு குமிழிகள் வந்தன.

"மாப்ளே," என்றார் மாமா.

"கீழ கொண்டுபோய்க் குடுத்துட்டு வரவா?" என்றான் கட்டை. யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனும் உடனே கீழே பார்த்தான்.

சூப்பர்வைசர் பம்ப் அறைக்குப் போன் செய்தார். பன்னிரண்டுக்குத் தண்ணீர் கிடையாது என்றார். எதிர்முனை ஏதோ கத்தியது. வைத்துவிட்டார். மைக்கை வாய்க்கருகே கொண்டுவந்தார். குரல் மாறியிருந்தது.

"கேளுய்யா. திட்டறதெல்லாம் மேல வந்தப்புறம். பத்துக்கு எறங்கு. வலி போற வரைக்கும் எறங்கு."

என் கையில் இரண்டு இழுப்பு வந்தது.

பத்து மீட்டரில் பத்து நிமிடம். பிறகு ஒன்பது. எச்சில் விழுங்கு. தாடையை ஆட்டு. தலையை இடப்பக்கம் சாய், வலப்பக்கம் சாய். ஊதாதே, எதற்காகவும் ஊதாதே. சூப்பர்வைசர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மாமா எட்டில் நின்றார். ஏழில் நின்றார். ஏழுக்கும் ஆறுக்கும் நடுவில் மூன்று முறை இறங்கி ஏறினார்.

இரண்டு மணி நேரத்துக்கு மேலாகத் தண்ணீருக்குள் இருந்தார். மலைத் தண்ணீர், பதினோரு டிகிரி. நடுக்கம் ஹோஸில் நிற்காமல் வந்தது. அவர் பல்லடிக்கும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது.

"காத்து இருக்கு. நேரம் இருக்கு," என்றார் சூப்பர்வைசர். "குளிர்தான். தாங்குவியா?"

"ம்."

"ஆள அனுப்பவா?"

"வேணாம் சார்."

"மாமா," என்றேன் நான், மைக்கின் பக்கம் குனிந்து. "மாமா, அரை அரை மீட்டரா வாங்க. நான் பிடிச்சுக்கறேன்."

அதற்கு 'ம்' கூட வரவில்லை. ஹோஸில் ஒரு இழுப்பு வந்தது. நில்.

நின்றேன்.

ஐந்துக்கு வந்தபோது பன்னிரண்டே கால். நாலுக்கு வந்தபோது பன்னிரண்டரை. அங்கே அவர், "வலது விட்டுருச்சு சார்," என்றார். கட்டை என் முதுகில் தட்டினான். சூப்பர்வைசர் அவனை முறைத்தார்.

"இடது?"

"இல்ல."

"வலி எவ்வளவு? பத்துக்கு?"

"பேச முடியுது."

மூன்று. நீண்ட நேரம் மூன்று. இரண்டரையில் அவர் கத்தினார்.

ஒரே ஒரு தடவைதான். கூர்மையாக, ஒரு குழந்தைபோல. ஹோஸ் என் கையில் துள்ளியது. பிறகு தளர்ந்தது. குமிழிகள் இடம் மாறி எழுந்தன.

"என்னாச்சு? பேசு."

"சார், சுத்துது. எல்லாம் சுத்துது. மேல எது சார்?"

"எதையும் புடிக்காத, நாங்க தூக்கறோம். வாந்தி வந்தா சொல்லு. கட்டை, எறங்கு."

கட்டை ஏற்கெனவே தண்ணீரில் இருந்தான். நான் ஹோஸை வாங்கினேன். இப்போது இழுக்கலாம். இனிமேல் காக்க வேண்டியது அந்தக் காதில் ஒன்றும் இல்லை. கை கையாக வாங்கினேன். முதலில் கட்டையின் தலை வந்தது. பிறகு அவன் கைக்குள் மாமாவின் தலை.

மேடையில் உட்காரவைத்து வாரை அவிழ்த்தேன். மாஸ்க்குக்குள் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. மூக்கிலிருந்து ரத்தம். இடது காதிலிருந்து ஒரு மெல்லிய கோடு, கழுத்து வரை. துண்டைக் கொடுத்தேன். வாங்கவில்லை. கட்டை கொடுத்தான். வாங்கிக்கொண்டார்.

ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தார். நேராக உட்காரவைத்தால் மறுபடி சாய்ந்தார். வாந்தி எடுத்தார். பிறகு துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு தண்ணீரையே பார்த்தார்.

சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்திருந்தார். வண்டி வந்துகொண்டிருக்கிறதாம். எதிர்முனையில் மருத்துவர் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். இவர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆமாம், ஏறும்போது. ஆமாம், சுத்துகிறது. இல்லை, கண் நன்றாகத் தெரிகிறது. பிறகு போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"கேக்குதான்னு பாக்கச் சொல்றாரு. வெறும் பறை கிழிஞ்சா ஓரளவு கேக்குமாம், ஒட்டிக்குமாம். சுத்தமாக் கேக்கலன்னா உள்ள போயிருச்சுன்னு அர்த்தம். உடனே வேற எடத்துக்குக் கொண்டுபோகணுமாம்." நோட்டை அக்குளில் இடுக்கினார். "உள்ள போயிருந்தா அட்டையப் பத்திப் பேசவே வேணாம்."

"நான் என்ன செய்யணும்?"

"வலது காதைப் பொத்து. நல்லா அழுத்தித் தேய்ச்சுக்கிட்டே இரு, அதுல ஒண்ணும் கேக்கக் கூடாது. இடது காதுகிட்ட மெல்ல ஒரு நம்பர் சொல்லு. திருப்பிச் சொல்றானான்னு பாரு."

"கட்டை செய்யட்டுமே சார்."

"அவன் கை ஆடுது பாரு. நீ செய்."

மாமாவுக்குப் பின்னால் மண்டியிட்டேன். துண்டை விலக்கினேன். அவர் திரும்பவில்லை. தடுக்கவும் இல்லை. வலது காதை உள்ளங்கையால் மூடித் தேய்த்தேன். காது ஐஸ்போல இருந்தது. இடது காதின் ஓரத்தில் ரத்தம் உறைய ஆரம்பித்திருந்தது. வாயை ஒரு சாண் தூரத்தில் வைத்தேன்.

"நாப்பத்தாறு," என்றேன்.

அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. கன்னத்து எலும்பு மட்டும் தெரிந்தது. அது அசைந்ததுபோல் இருந்தது. குளிரில் பல்லைக் கடித்ததாகவும் இருக்கலாம். சூப்பர்வைசர் போனைக் காதில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் கிட்டே போனேன். அதே மெல்லிய குரலில்தான் கேட்டேன்.

"மாமா, நான் என்ன நம்பர் சொன்னேன்?"